திரை எழுத்தாளர், இயக்குநர் ஊதிய உரிமை: எல்லை தாண்டிய இணைய உரிமம்

ஒரு நாட்டில் எடுத்த படமோ தொடரோ இணையம் வழியாக வேறு நாடுகளில் பார்க்கப்படும்போது, அதை எழுதியவருக்கும் இயக்கியவருக்கும் போய்ச்சேர வேண்டிய பங்கைப் பற்றிய சட்டங்கள், ஒப்பந்தங்கள், வசூல் முறைகள் ஆகியவற்றின் தொகுதி இது. பெரும்பகுதி ஐரோப்பாவில் உருவானது. படைப்பாளி ஒப்பந்தம் போடுவது தயாரிப்பாளரிடம். படத்தை வைத்துச் சம்பாதிப்பதோ அவர் முகத்தையே பார்த்திராத தொலைக்காட்சியும் ஓடிடி நிறுவனமும். வழக்குகள் பலவும் இந்த இடைவெளியில்தான் பிறந்தன.

மேடையில் இந்தச் சண்டை முன்பே நடந்து முடிந்திருந்தது. பாரிஸின் கொமெடி-பிரான்சேஸ் நாடகக் குழு, பொமார்ஷே எழுதிய ‘செவில் நாவிதன்’ நாடகத்தை 1775 முதல் நடத்தி நல்ல வசூல் பார்த்தது. அவர் தம் பங்குக்குக் கணக்குக் கேட்டார். கணக்கு வந்தது, கையொப்பம் இல்லாமல். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, 1777 ஜூலை 3 அன்று சக நாடகாசிரியர்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து ஒரு சங்கமாகத் திரட்டினார். 1791-இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு, நாடகத்தை நடத்த ஆசிரியரின் அனுமதி வேண்டும் எனச் சட்டம் போட்டது. அந்தச் சங்கத்தின் வழிவந்து 1829-இல் உருவான எஸ்ஏசிடி, இன்று திரைக்கதையாசிரியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் சேர்த்தே உரிமத்தொகை வசூலிக்கிறது. யூடியூபுடன் 2010-இலும், நெட்ஃபிளிக்ஸுடன் அது பிரான்சுக்குள் நுழைந்த 2014-இலும் உடன்பாடு கண்டது.

சினிமாவில் முதலில் தீர வேண்டியிருந்தது, படத்தின் ஆசிரியர் யார் என்ற கேள்வி. பிரான்சின் 1957 சட்டம் திரைக்கதை, தழுவல், வசனம், இசை ஆகியவற்றை எழுதியவர்களோடு இயக்குநரையும் இணையாசிரியர்களாகக் கொண்டது. வருமானத்துக்கு ஏற்ற விகிதத்தில் ஊதியம் தருவதையே பொது விதியாக்கியது. அமெரிக்கா நேர் எதிர். அங்கே கூலிக்குச் செய்த வேலை என்ற விதிப்படி ஸ்டூடியோவே சட்டத்தின் கண்ணில் ஆசிரியர். உரிமை கைவிட்டுப் போனதால் அமெரிக்க எழுத்தாளர்கள் பேரம் பேசும் பலத்தை நம்பினார்கள். 1960 வேலைநிறுத்தத்தில், படம் தொலைக்காட்சியில் மறுபடி ஓடும்போது ‘ரெசிடுவல்’ எனும் மறுபயன்பாட்டுத் தொகை கிடைக்க வழி பிறந்தது. ஐரோப்பாவின் வழி சட்டம், அமெரிக்காவின் வழி சங்க ஒப்பந்தம்: இந்தப் பிளவு இன்றும் மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும், முதன்மை இயக்குநர் படத்தின் ஆசிரியர்களில் ஒருவர் என்பது 1993-இல்தான் விதியானது.

எல்லை தாண்டும் சிக்கலுக்கு மூல வழக்கு இணையத்துக்கு வெகு முந்தியது. பிரெஞ்சு இயக்குநர் குளோத் ஷப்ரோலின் ‘லெ பூஷே’ படத்தின் பெல்ஜிய உரிமையை சினே வோக் என்ற விநியோக நிறுவனம் ஏழு ஆண்டுகளுக்கு வாங்கியிருந்தது. பெல்ஜியத்தில் படம் வெளியாகி 40 மாதம் ஆகும்வரை அங்கே தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்பது நிபந்தனை. 1970 மே மாதம் படம் வெளியானது. 1971 ஜனவரி 5 அன்று ஜெர்மன் தொலைக்காட்சி அதன் ஜெர்மன் வடிவத்தை ஒளிபரப்ப, கோடிடெல் என்ற கேபிள் நிறுவனம் அந்த அலைவரிசையைப் பிடித்து பெல்ஜிய வீடுகளுக்குக் கொடுத்துவிட்டது. ஜெர்மனியில் அது முறையான ஒளிபரப்பு, பெல்ஜியத்தில் மீறல். ஒரே சந்தை என்று சொல்லிக்கொண்ட ஐரோப்பாவில் இப்படிப் பிரித்து விற்கலாமா என்ற கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 1980-இல், விற்கலாம் என்றது. கோடம்பாக்கத்தில் ஏரியா வாரியாகப் படத்தை விற்கும் பழக்கம் போன்றதே இது. ஐரோப்பாவில் ஏரியாவின் எல்லை நாட்டின் எல்லை, அவ்வளவுதான். ஏரியா முன்பணத்தில்தான் படமே எடுக்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் அன்றிலிருந்து இன்றுவரை வாதிடுகிறார்கள். இணையக் கடைகள் வாடிக்கையாளரை நாடு பார்த்துத் தடுப்பதற்கு எதிராக 2018-இல் வந்த ஒன்றியச் சட்டம் படங்களையும் தொடர்களையும் தொடாமல் விட்டதற்கு இந்த வாதமே காரணம்.

கேபிளுக்கு 1993-இல் ஒரு நல்ல தீர்வு வந்தது. மறு ஒளிபரப்பு உரிமையை ஒவ்வொரு படைப்பாளியும் தனித்தனியே பயன்படுத்த முடியாது, வசூல் சங்கம் வழியாகவே முடியும் என்று ஒன்றியம் விதித்தது. கேபிள்காரருக்கு ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கும் தொல்லை இல்லை. எழுத்தாளருக்குத் தன் பங்கு வரும் என்ற உறுதி. இணையத்துக்கு இதே வழியைப் பின்பற்றியிருக்கலாம். ஆனால் பல நாடுகளுக்கு ஒரே உரிமம் தர வகைசெய்த 2014-ஆம் ஆண்டு நெறிமுறை இசைக்கு மட்டுமே அந்த வாய்ப்பைத் தந்தது. பாட்டு எழுதியவருக்கு எல்லை தாண்டியும் காசு வந்துசேர ஒரு பாதை போடப்பட்டது. அதே படத்துக்குத் திரைக்கதை எழுதியவருக்கு இல்லை.

சங்கங்களுக்கு இடையே பணம் நகர்வது பரஸ்பர ஒப்பந்தங்களால். ஸ்பெயினில் வசூலாகும் தொகை போலந்து எழுத்தாளருக்குப் போக வேண்டுமானால், அந்தப் படம் எது என்று இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். நாட்டுக்கு நாடு படத்தின் பெயரே மாறும் தொழிலில் இது சின்ன வேலையல்ல. ‘ஐசான்’ என்ற பன்னாட்டுப் படைப்பு எண் இதற்காக வந்தது. அடையாளம் பொருந்தாத தொகை உரியவரிடம் சேராமல் சங்கத்திலேயே தங்கிவிடும்.

உரிமை முதலில் யாருடையது என்பதை 2012-இல் லுக்ஸான் வழக்கு தெளிவாக்கியது. மார்ட்டின் லுக்ஸான் என்ற ஆஸ்திரிய இயக்குநர், இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் போர்முனைப் புகைப்படங்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். தயாரிப்பாளர் அதை இணையத்தில் ஏற்றினார். ஆஸ்திரியச் சட்டம் திரைப்பட உரிமைகளை நேரடியாகத் தயாரிப்பாளருக்கே கொடுத்திருந்தது. அது ஒன்றியச் சட்டத்துக்குப் பொருந்தாது, உரிமை முதலில் இயக்குநருடையது என்றது ஐரோப்பிய நீதிமன்றம். மக்கள் சொந்த உபயோகத்துக்குப் படத்தை நகலெடுப்பதற்கான இழப்பீட்டில் இயக்குநருக்குள்ள பங்கை அவரே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்றும் சொன்னது.

2019 ஏப்ரலில் ஒன்றியம் பதிப்புரிமை நெறிமுறை 2019/790-ஐ நிறைவேற்றியது. அதன் 18-ஆம் பிரிவு ‘பொருத்தமான, விகிதாசார’ ஊதியத்தைக் கொள்கையாக்கியது. 19-ஆம் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்குக் காட்டச் சொன்னது. பொமார்ஷே கேட்டதும் இதைத்தான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடிப்பது விதியாகிவிடக் கூடாது என்று முகவுரை சொல்கிறது. ஆனால் அந்த ஊதியத்தைக் கொடுக்க வேண்டியவர் தயாரிப்பாளரா, ஓடிடி நிறுவனமா என்பதை நெறிமுறை சொல்லவில்லை. அதன் பெரிய ஓட்டை அதுவே.

ஒப்பந்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் படம் பல மடங்கு ஓடினால் கூடுதல் தொகை கேட்கும் உரிமையும் இந்த நெறிமுறையில் உண்டு. ஜெர்மன் சட்டத்தில் இது 2002-லிருந்தே இருந்தது. 2007-இல் வெளிவந்து பெரிதாக ஓடிய ‘கைனோர்ஹாசன்’ படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரான அனிகா டெக்கர் இதைக் கொண்டு வழக்காடினார். முதலில் கணக்கைக் காட்டச் சொல்லித் தீர்ப்பு. பிறகு 2023-இல் பெர்லின் நீதிமன்றம், அந்தப் படத்துக்கும் அதன் தொடர்ச்சிக்குமாகச் சுமார் 1,80,000 யூரோ கொடுக்கச் சொன்னது. படம் வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தனி ஒருவர் வழக்காடிப் பெற வேண்டிய உரிமை, வழக்காட வசதியுள்ளவருக்கே உரிமையாகிறது.

அதனால்தான் ஐரோப்பிய வசூல் சங்கங்களின் கூட்டமைப்பான எஸ்ஏஏ, விட்டுக்கொடுக்க முடியாத ஊதிய உரிமையையும், அதை இறுதியில் படத்தைக் காட்டுபவரிடமே சங்கம் வழியாக வசூலிப்பதையும் கேட்கிறது. ஸ்பெயினில் இதற்குச் சட்டம் உண்டு. போலந்து தாமதமாக, 2024-இல், இணையப் பயன்பாட்டையும் சேர்த்துக்கொண்டது. தென் அமெரிக்காவில் இயக்குநர்களின் பெயரிலேயே சட்டங்கள் வந்தன: சிலியில் ரிக்கார்டோ லரைன் சட்டம் (2016), கொலம்பியாவில் பெப்பே சான்செஸ் சட்டம் (2017).

ஹாலிவுட் எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, பார்வை நேரக் கணக்கைத் தங்கள் சங்கத்துக்கு, ரகசியக் காப்போடு, தர ஸ்டூடியோக்களை ஒப்பவைத்தார்கள். வெளியாகி 90 நாளுக்குள் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையான பார்வையைத் தொடும் பெரிய படைப்புகளுக்கு ஊக்கத்தொகையும் கிடைத்தது. வெளிநாட்டுப் பார்வை இந்த அளவுகோலில் சேராது. அதற்கான ரெசிடுவல் வெளிநாட்டுச் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்தது.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், படத்தில் இடம்பெறும் இலக்கிய, இசைப் படைப்புகளின் ஆசிரியர்களுக்குத் திரையரங்குக்கு வெளியேயான பயன்பாட்டில் சரிபாதி ராயல்டி தந்தது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை எழுதிக்கொடுக்க முடியாது. படத்தின் ஆசிரியராகச் சட்டம் தயாரிப்பாளரையே கொள்கிறது; இயக்குநருக்கு அதில் இடமில்லை. ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று ஒரே பெயர் போடும் டைட்டில் கார்டில் முதல் மூன்றுக்கும் ராயல்டி உண்டு, நான்காவதற்கு இல்லை.