மறைந்துபோகும் நாயகர்கள்

1962இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தோன்றி, 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியே தமிழ் பேசத் தொடங்கியவன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும்; இரும்புக்கை மட்டும் தெரியும். அவனைப் படித்து வளர்ந்து, இன்றும் குன்னூரில் பழைய பிரதிகளைப் பத்திரப்படுத்தும் மூத்த நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஜப்பானிய சித்திரக்கதை ஒன்றை: ஷிராட்டோ சான்பெயின் 'கமுய் டென்'.

இதற்குக் களமானது, 1964இல் டோக்கியோவில் நாகாய் கட்சுஇச்சி தொடங்கிய 'காரோ' என்ற சிறுபத்திரிகை. ஷிராட்டோவின் தந்தை இடதுசாரி ஓவியர். எடோ காலத்தில் தீண்டத்தகாததாய் ஒதுக்கப்பட்ட குடியில் பிறந்த கமுய் நிஞ்ஜா ஆகிறான். வாள்வீச்சுக்குக் குறைவில்லை, சாகசம் பழகிய கண்ணுக்கு உள்ளே நுழைவது சிரமமுமில்லை. ஆனால் மெல்ல அவன் பின்னுக்கு நகர்கிறான். ஒடுக்குமுறைக்கு எதிராகத் திரளும் குடியானவர்கள் கதையைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். மாயாவி மறைந்தால் நம் கண் அவனையே தேடுகிறது. கமுய் மறைந்தால் ஊர் தெரிகிறது. இதன் முதல் தொகுதி ஆங்கிலத்தில் வெளிவந்திருக்கிறது.

இந்த வேறுபாடு நீலகிரியில் இருப்பவர்களுக்கு வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. அதே 1964இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை, அவர்களைக் கலந்து பேசாமலே, இந்தியாவின் பங்காக ஒதுக்கியது. அப்படித் தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. நாம் தினமும் கடந்துபோகும் லயன் வீடுகளில் இருக்கிறது அந்த வரலாறு. அதை வரைய ஒரு நாயகன் போதாது. நாயகன் விலகிய பின்னும் பக்கத்தைப் புரட்டுகிற வாசகனும் வேண்டும்.