வரியும் வரி மாதிரி ஒன்றும்

இந்த எபிசோடை எங்க அம்மா கேட்ட ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

லண்டன்ல இருக்கற அக்காவுக்குப் பிரசவம். துணைக்குப் போறதுக்காக அம்மாவுக்குச் சென்னையில இருந்து போக வர டிக்கெட் போட்டேன். கேன்சல் பண்ணா காசு திரும்ப வராதுங்கற மலிவு டிக்கெட். விசா நேரத்துக்கு வரல, கேன்சல் பண்ணிட்டோம். டிக்கெட் காசு போச்சு, வரி மட்டும் திரும்ப வரும்னு சொன்னாங்க. பில்லில் "வரிகள், கட்டணங்கள்"னு ஒரு பெரிய தொகை இருந்தது. அதுல பாதிகூட வரல. அம்மா கேட்டாங்க: "வரின்னுதானே போட்டிருக்கு? அப்புறம் ஏன் திருப்பிக் குடுக்க மாட்டேங்கறாங்க?"

பில்லைப் பிரிச்சுப் பார்த்தேன். அரசாங்க வரியெல்லாம் வந்திருந்தது. வராத தொகைக்கு நேரா ரெண்டே எழுத்து: ஒய்க்யூ. எரிபொருள் சர்சார்ஜ் மாதிரி ஏர்லைன் தானே போட்டுக்கற கட்டணத்துக்கான கோட் அது. நம்ம பாஷையில சொன்னா, 'டாக்ஸ்'னு பேர் வச்ச ஃபீல்டுக்குள்ள டாக்ஸே இல்லாத ஒரு வேல்யூ உட்கார்ந்திருக்கு.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அதை நல்லாப் பார்க்க முடியற இடம் பிரிட்டன்.

முதல்ல 1944. சிகாகோவில் நாடுகள் கூடி சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான ஒப்பந்தம் போடறாங்க. அதன் 24-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, வெளிநாட்டு விமானம் வந்து இறங்கும்போது அதன் டாங்க்ல இருக்கற எரிபொருளுக்குச் சுங்க வரி போடக்கூடாது. பின்னாடி நாடுகள் தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட இருதரப்பு ஒப்பந்தங்கள், இறங்கின ஊர்ல நிரப்பற எரிபொருளுக்கும் இந்த விலக்கை நீட்டிச்சுது. விளைவு, காருக்குப் போடற பெட்ரோலுக்கு வரி உண்டு, வெளிநாடு போற விமானத்தோட எரிபொருளுக்கு வரி கிடையாது. பிரிட்டன்ல விமான டிக்கெட்டுக்கு வாட் வரியும் பூஜ்யம்.

எரிபொருள்ல கை வைக்க முடியாதுன்னா, ஆள் மேல போடலாம். 1993 நவம்பர் பட்ஜெட்ல நிதியமைச்சர் கென்னத் கிளார்க் அதைத்தான் செஞ்சார். ஏர் பாசஞ்சர் டியூட்டி 1994 நவம்பர் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஐரோப்பாவுக்குள்ள 5 பவுண்டு, அதுக்கு வெளியே 10 பவுண்டு. பிரிட்டன்ல இருந்து கிளம்பற பயணத்துக்கு மட்டும்தான். அதாவது எங்க அம்மா லண்டன் போகும்போது இந்த வரி இல்ல, திரும்பி வரும்போதுதான் உண்டு.

சின்னத் தொகைதானேன்னு தோணும். 1997-லயே ரெட்டிப்பாச்சு. 2007 பிப்ரவரியில மறுபடி ரெட்டிப்பு. ரெண்டு மாசம்கூட முன்னறிவிப்பு இல்ல. ஏற்கெனவே டிக்கெட் வித்து முடிச்ச டூர் கம்பெனிகள் தலையில கை வச்சு உட்கார்ந்தாங்க. 2009-ல தூரத்தை வச்சு நாலு பட்டைகளாப் பிரிச்சாங்க. தூரத்தை லண்டன்ல இருந்து அந்த நாட்டுத் தலைநகர் வரைக்கும் அளந்தாங்க. அமெரிக்காவுக்கு வாஷிங்டன் கணக்கு. அதனால லாஸ் ஏஞ்சலஸ் போறவருக்குக் குறைஞ்ச வரி, அதைவிடப் பக்கத்துல இருக்கற பார்படாஸ் போறவருக்குக் கூடுதல் வரி! பிரிட்டன்ல வாழற கரீபிய மக்கள் இதைக் கடுமையா எதிர்த்தாங்க. இந்தியாவும் இலங்கையும் அதே மூணாவது பட்டையிலதான். 1994-ல 10 பவுண்டு கட்டின சென்னை, கொழும்பு எக்கானமி பயணி, 2014-ல கட்டினது 85 பவுண்டு. 2015-ல நாலு பட்டையை ரெண்டாக் குறைச்ச பிறகுதான் அது 71-க்கு இறங்கிச்சு.

இது உண்மையான வரியோட கதை. நியாயமோ இல்லையோ, பட்ஜெட்ல அறிவிக்கறாங்க, பார்லிமென்ட்ல திட்டு வாங்கறாங்க, எதிர்ப்பு வந்தா மாத்தறாங்க.

இப்ப அடுத்த கதை. 2004-ல கச்சா எண்ணெய் விலை ஏற ஆரம்பிச்சுது. ஏர்லைன்கள் டிக்கெட் விலையை ஏத்தாம, தனியா "எரிபொருள் சர்சார்ஜ்"னு ஒண்ணைச் சேர்த்தாங்க. பிரிட்டிஷ் ஏர்வேஸ், வர்ஜின் அட்லாண்டிக் ரெண்டுலயும் நெடுந்தூரப் போக வர டிக்கெட்டுக்கு இது 5 பவுண்டுல ஆரம்பிச்சு, 2006 தொடக்கத்துக்குள்ள 60 பவுண்டு ஆயிடுச்சு. எண்ணெய் விலை ஏறினது நிஜம். ஆனா அதோட இன்னொண்ணும் நடந்தது. 2004 ஆகஸ்ட்ல இருந்து 2006 ஜனவரி வரைக்கும், போட்டியாளர்களான இந்த ரெண்டு கம்பெனியும் சர்சார்ஜை எவ்வளவு ஏத்தலாம்னு தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. குறைஞ்சது ஆறு தடவை.

ஏன் சர்சார்ஜைப் பத்திப் பேசினாங்க, டிக்கெட் விலையைப் பத்தி இல்ல? இது என் கணிப்பு: டிக்கெட் விலைங்கறது ஆயிரக்கணக்கான வேரியபிள்கள். நாள், சீட், சீசன் எல்லாத்துக்கும் மாறும். ரெண்டு கம்பெனி அதை ஒத்து வைக்கறது பெரும்பாடு. சர்சார்ஜ் ஒரே ஒரு கான்ஸ்டன்ட். ஒரு போன் கால்ல முடிஞ்சுடும்.

வர்ஜினோட வக்கீல்களுக்கு விஷயம் தெரிஞ்சதும், கம்பெனி தானே போய் அதிகாரிகள்கிட்ட சொல்லிடுச்சு. முதல்ல சொன்னவருக்கு மன்னிப்புங்கற விதிப்படி அவங்களுக்கு அபராதம் இல்ல. 2007 ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு பிரிட்டன்ல 121.5 மில்லியன் பவுண்டு, சரக்கு சர்சார்ஜையும் சேர்த்து அமெரிக்காவுல 300 மில்லியன் டாலர் அபராதம். நாலு அதிகாரிகள் மேல கிரிமினல் வழக்கும் போட்டாங்க. 2010 மே மாசம் அது இடிஞ்சு விழுந்தது. வர்ஜின் பக்கத்துல இருந்து வந்திருக்க வேண்டிய சுமார் 70,000 ஈமெயில்கள் எதிர்த்தரப்புக்குக் கடைசி நேரம் வரைக்கும் கிடைக்கல. நாலு பேரும் விடுதலை. 2012-ல பிரிட்டன் அபராதமும் 58.5 மில்லியனாக் குறைஞ்சுது.

2015 தொடக்கத்துல எண்ணெய் 50 டாலருக்குக் கீழ போச்சு. அப்போ சர்சார்ஜ் மறைஞ்சிருக்கணும். பல ஏர்லைன்கள்ல மறைஞ்சது 'எரிபொருள்'ங்கற வார்த்தை மட்டும்தான். "கேரியர் விதிக்கும் கட்டணம்"னு புதுப் பேர் வந்துடுச்சு.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். பயணி பறந்தாத்தான் ஏர் பாசஞ்சர் டியூட்டி. பறக்கலைன்னா ஏர்லைன் அதை அரசுக்குக் கட்ட வேண்டியதில்ல, அதனால கேட்டு வாங்கலாம். இந்தியாவுலயும் ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டா இருந்தாலும் அரசு வரிகளைத் திருப்பித் தரணும்னு டிஜிசிஏ விதி இருக்கு. அதே விதி, கேன்சலேஷன் கட்டணம் அடிப்படை விலையையும் எரிபொருள் சர்சார்ஜையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லுது. கவனிச்சீங்களா? நம்ம ரெகுலேட்டரே சர்சார்ஜை விலைப் பக்கம்தான் வைக்கறாங்க, வரிப் பக்கம் இல்ல.

கேட்டுட்டு அம்மா, "அப்ப டிக்கெட் விலையிலயே சேர்த்து எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?"ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு, இந்த விஷயத்துல கேட்க வேண்டிய கேள்வி அது ஒண்ணுதான்.

அடுத்த முறை டிக்கெட் கேன்சல் பண்ணா, பில்லை வரி வரியாப் பாருங்க. அரசுக்குப் போற வரி எது, வரி மாதிரி இருக்கறது எதுன்னு பிரிச்சுட்டு, முதலாவதை விடாமக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.