எண்டாவ் ரொம்பின் பூங்கா: காஹாங் வாயில்

எண்டாவ் ரொம்பின் பூங்கா, தீபகற்ப மலேசியாவின் தெற்கே, ஜொகூர், பகாங் மாநிலங்களின் எல்லையை ஒட்டிப் பரந்துள்ள மழைக்காடு. அங்கு ஓடும் இரண்டு ஆறுகளின் பெயரே பூங்காவுக்கும் பெயராயிற்று. ஜொகூர் பகுதியின் பரப்பு 48,905 ஹெக்டேர். பகாங் பகுதியையும் சேர்த்த மொத்தப் பரப்பு நூலுக்கு நூல் மாறுகிறது. 800 சதுர கிலோமீட்டர் என்பாரும் உண்டு, 870 என்பாரும் உண்டு. ஜொகூர் பகுதிக்கு இரண்டு வாயில்கள். மேற்கே பெக்கோக் ஊர் வழியாகச் செல்வது சிலாய் வாயில். கிழக்கே காஹாங் ஊர் வழியாகச் செல்வது பேத்தா வாயில். இக்கட்டுரை பெரிதும் பேத்தா பக்கத்தைப் பற்றியது.

காஹாங், குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அங்கிருந்து ஏறத்தாழ 56 கிலோமீட்டர் மண்சாலையில் சென்றால் கம்போங் பேத்தா என்னும் ஜகூன் பூர்வகுடிகளின் கிராமம் வரும். நான்கு சக்கர இழுவை வண்டிகளே அந்தச் சாலைக்கு ஏற்றவை. காஹாங் குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது. பேத்தா மெர்சிங் மாவட்டத்தைச் சேர்ந்தது. பயணக் குறிப்புகள் இரண்டையும் ஒரே ஊர்போல எழுதிவிடுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேத்தாவிலிருந்து எண்டாவ் ஆற்றில் படகேறி மேலே சென்றால் ஜாசின் ஆறு வந்து கலக்கும் குவாலா ஜாசினை அடையலாம். அதற்கு மேல் நடைதான். ஜாசினோடு மாரோங் ஆறு சேரும் குவாலா மாரோங்கைத் தாண்டியதும் தாசேக் ஆயர் பிரு எனப்படும் நீலநீர் ஏரி. வரைபடங்களில் ஏரி என்று குறிக்கப்பட்டாலும் இது ஆற்றின் போக்கில் அமைந்த ஆழமான மடு என்பதே பொருத்தம். வழிகாட்டி நூல்கள் இரண்டு விதமாகவும் எழுதுகின்றன. மழை ஓய்ந்த நாட்களில் நீர் பச்சையும் நீலமும் கலந்து, அடிக்கல் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கும். மழை பெய்துவிட்டால் அந்தத் தெளிவு போய்விடும். இதற்கு அப்பால் உப்பே குலிங் அருவி. சுழலும் நீரும் கூழாங்கல்லும் பாறையைக் காலங்காலமாகக் கடைந்ததில், ஒருவர் உள்ளே அமரக்கூடிய தொட்டிகள்போல் அங்கே குழிகள் அமைந்துள்ளன. இன்னும் மேலே ஜாசின் ஆற்றில் புவாயா சங்குட் அருவி உள்ளது. பாறைகளுக்கு நடுவே சிக்கி இறந்த முதலை ஒன்று இந்த அருவியானதாக ஜகூன் மக்கள் கதை சொல்வர்.

இப்பகுதியின் அடிப்பாறை எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகி உருவானது. அதன் வயது ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகள் என்று பூங்காவின் அறிமுக ஏடுகள் கூறும். அதன்மேல் சில இடங்களில் மணற்பாறை தட்டையாகப் படிந்து மேட்டுச் சமவெளிகளாக நிற்கிறது. குனோங் ஜானிங் அவற்றுள் ஒன்று. மண் வளமற்ற அந்த மேட்டில், கீழ்க்காட்டின் நெடுமரங்கள் மறைந்து விசிறிப் பனைகள் நெருங்கி வளர்கின்றன. பூங்காவின் மிக உயர்ந்த சிகரம் குனோங் புசார், 1,036 மீட்டர்.

எழுத்தில் இப்பகுதி இடம்பெறுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில். ஜொகூரின் உட்பகுதியில் ஆற்று வழியே பயணம் செய்த ஜே. ஆர். லோகன், அங்கு வாழ்ந்த மக்களைப் பற்றி 1847இல் எழுதினார். 1874–75இல் ரஷ்ய அறிஞர் மிக்லுகோ மக்லாய் ஜொகூரைக் குறுக்கே கடந்தார். எண்டாவ் ஆறு, அதன் கிளையாறுகள் பற்றிய ஹெர்வியின் கட்டுரை 1881இல் அச்சேறியது. 1892இல் எச். டபிள்யூ. லேக்கும் லெப்டினன்ட் கெல்சாலும் எண்டாவ் முகத்துவாரத்தில் தொடங்கி, செம்புரோங் ஆற்று வழியே மறுகரையின் பத்து பகாட் வரை சென்றனர். அவர்களுடைய குறிப்புகள் 1894இல் ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை வெளியிட்ட இதழில் வந்தன.

அதே இதழில் அவ்விருவரும் எழுதிய இன்னொரு கட்டுரை தமிழ் வாசகருக்குத் தனிச் சுவை தரும். அது ஜொகூரின் கற்பூர மரத்தையும், அதைத் தேடிச் செல்வோர் பேசும் தனிமொழியையும் பற்றியது. நம் கோயில் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சேரும் பச்சைக் கற்பூரத்தின் பழைய மூலம், சுமாத்திரா, மலாயா, போர்னியோ காடுகளில் வளரும் இந்த மரமே. கற்பூரம் மரத்தின் உள்ளே வெடிப்புகளில் படிகமாகப் படியும். எல்லா மரங்களிலும் அது இருப்பதில்லை. இருக்கிறதா என்று அறிய மரத்தை வெட்டிப் பிளந்தே ஆகவேண்டும். பெரும் உழைப்பு வீணாகும் வாய்ப்புள்ள தொழில் என்பதால் அதைச் சுற்றி விலக்குகளும் வளர்ந்தன. தேடும் நாட்களில் அன்றாடச் சொற்களைப் பேசக்கூடாது. அவற்றுக்கு மாற்றாக வேறு சொற்களையே வழங்கவேண்டும். மரத்துக்கு உரிய பெண் தெய்வத்தின் பெயர் பீசான். இரவில் சில்வண்டின் ஒலிபோல் காட்டில் கேட்டால் அவள் பாடுகிறாள், பக்கத்தில் கற்பூரம் உண்டு என்று கொண்டனர். மலாயாவில் கற்பூரம் தேடுவோர் உப்பைப் பொடித்து உண்ணமாட்டார்கள் என்றும் பழைய நூல்கள் கூறும். பொடியுப்பு தின்றால் கற்பூரமும் பொடியாகவே கிடைக்கும் என்பது நம்பிக்கை. இந்தத் தனிமொழி எத்தனை பழையது, ஜகூன் மக்களுக்கே உரியதா, மலாய் வணிகருடன் ஏற்பட்ட தொடர்பில் பிறந்ததா என்பவற்றில் ஒருமித்த கருத்து இல்லை. பிரம்பும் குங்கிலியமும் இதே காட்டிலிருந்து இதே ஆறுகள் வழியாகவே கடலுக்குப் போயின.

1933இல் எண்டாவ்–குளுவாங் வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. 1942 ஜனவரியில் எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கியபோது ஆற்றின் கழிமுகம் போர்க்களமாயிற்று.

மூன்றாம் மலேசியத் திட்டக் காலத்தில் (1976–80) இக்காட்டைத் தேசியப் பூங்காவாக்கும் யோசனை எழுந்தது. 1977இல் பகாங் பக்கத்தில் மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்ட செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. மலாயா இயற்கைக் கழகம், பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சஹாபாட் ஆலாம் மலேசியா ஆகியவை முன்நின்றன. மரவெட்டு பின்னர் நிறுத்தப்பட்டது. ஆனால் மலேசிய அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 1980இல் இயற்றப்பட்ட தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் பூங்கா அமைய வேண்டுமானால் மாநிலம் தன் நிலத்தை ஒப்படைக்க இசையவேண்டும். அந்த இசைவு கிட்டாமல் ஆண்டுகள் கழிந்தன.

இந்த முட்டுக்கட்டையை நெகிழ்த்தியதில் 1985–86இன் அறிவியல் பயணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மலேசியப் பாரம்பரிய அறிவியல் பயணம் என்று பெயரிட்டு, 1985 ஜூன் முதல் ஓராண்டுக் காலம் மலாயா இயற்கைக் கழகம் அதை நடத்தியது. தலைமை ஏற்றவர் விலங்கியலாளர் கியூ போங் ஹியாங். தாவரவியலாளர், பூச்சியியலாளர், நிலவியலாளர் ஒருபுறம். அவர்களோடு ஆசிரியர், மாணவர், நகரத்துத் தன்னார்வலர் மறுபுறம். காட்டையே பார்த்திராத பலர் சுமை தூக்கவும் மாதிரிகளைப் பதிவு செய்யவும் வந்தனர். வழி காட்டியவர்களும் படகு ஓட்டியவர்களும் ஜகூன் மக்கள். அவர்கள் இன்றி அந்தப் பயணம் இல்லை. அறிக்கைகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் சிறிது என்பதையும் இங்கே குறிப்பிடுவது நியாயம். கழகத்தின் இதழ் பயண முடிவுகளைத் தொடர்ந்து வெளியிட்டது. அறிவியலுக்குப் புதிய தாவரங்கள் விவரிக்கப்பட்டன. ஜானிங் மேட்டின் விசிறிப் பனைக்கு 1987இல் டிரான்ஸ்ஃபீல்டும் வோங்கும் லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ் எனப் பெயரிட்டனர். ஆற்றின் பெயர் ஒரு பனைக்கு நிலைத்தது இப்படித்தான். மரத்தின் கன அடிக் கணக்கால் மட்டுமே மதிப்பிடப்பட்டு வந்த காட்டுக்கு, வேறு வகையான பதிவேடு ஒன்று அந்த ஓராண்டில் உருவாயிற்று. எதிர்ப்புக் கூட்டங்கள் மரவெட்டை நிறுத்தின. பூங்காவுக்கு அடித்தளம் இட்டது இந்தப் பதிவேடு என்றே கருதலாம்.

ஜொகூர் தனக்கென மாநிலச் சட்டம் ஒன்றை 1989இல் இயற்றி, ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தை நிறுவியது. அச்சட்டத்தின்கீழ் 1993இல் பூங்கா அரசிதழில் அறிவிக்கப்பட்டது. ஆகவே பெயரில் தேசியப் பூங்கா என்றிருந்தாலும் சட்டப்படி இது மாநிலப் பூங்கா. எல்லைக்கு அப்பாலுள்ள பகாங் பகுதி, ரொம்பின் மாநிலப் பூங்கா என்ற பெயரில் தனியே ஆளப்படுகிறது.

பூங்கா கேட்டவர்கள் அதிகம் எடுத்துக்காட்டிய விலங்கு சுமாத்திரா காண்டாமிருகம். 1980களின் தொடக்கத்தில், காலடித் தடங்களை வைத்து 20 முதல் 25 வரை இருக்கலாம் எனக் கணித்தனர். அது மிகைக் கணிப்பு என்று பின்வந்தோர் சிலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் பூங்கா அமைந்தும் அந்த விலங்கு தங்கவில்லை. மலேசியக் காடுகளில் அது அற்றுப்போனதாக 2015இல் ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். நாட்டில் எஞ்சியிருந்த கடைசி ஒன்றான இமான் என்னும் பெண் காண்டாமிருகம் 2019 நவம்பர் 23 அன்று சபாவில் இறந்தது. யானை, புலி, தபிர், இருவாச்சி, கெலா மீன் ஆகியவை எண்டாவ் ரொம்பினில் இன்றும் உண்டு. கண்ணி வைப்போரின் தொல்லையால் காவல் உலாக்கள் தொடர்கின்றன.

காட்டில் தலைமுறை தலைமுறையாக உலவிவந்த ஜகூன் மக்களின் மரபுரிமை நிலம் எது, பூங்கா எல்லை எது என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. கிராமத்தவர் பலர் வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் பணிபுரிகின்றனர். பேத்தாவில் இயற்கைக் கல்வி, ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும். அந்த மாதங்களில் பூங்கா மூடப்படுவது வழக்கம்.