சேதுக் காசும் பேஸ்புக் கடையும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று கட்டாரிலும் லண்டனிலும் புத்தளத்திலும் இருக்கிறார்கள். கொஞ்சக் காலமாக அவர்களிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரே மாதிரிப் படங்கள் வருகின்றன. பச்சை பிடித்த ஒரு செப்புக் காசு, கீழே ஒரு விலை, கூடவே "சேர், இது ஒரிஜினலா?" என்ற கேள்வி. கடைசியாக வந்த படத்தில் விலை 45,000 ரூபா. "யாழ்ப்பாண அரசன் பாவித்த காசு, உலகத்திலேயே ஐந்துதான் இருக்கிறது" என்று விற்பவர் எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

படத்தில் இருந்தது சேதுக் காசு. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டது. ஒரு பக்கம் நிற்கும் அரசன். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் "சேது" என்ற இரண்டு எழுத்து. முன்பு இதை இராமநாதபுரம் சேதுபதிகளின் காசு என்று சொன்னவர்களும் உண்டு, பெயர் அப்படி. ஆனால் இவை யாழ்ப்பாணத்தில் ஏராளமாகக் கிடைத்ததும், கேகாலைப் பக்கம் கொட்டகமவில் உள்ள ஆரியச் சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டு "சேது" என்ற சொல்லோடு தொடங்குவதும் ஆய்வாளர்களை யாழ்ப்பாணத்தின் பக்கம் திருப்பின. கொட்றிங்டன் 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றி எழுதிய நூலிலும், முதலியார் இராசநாயகம் 1926இல் எழுதிய பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூலிலும் இந்தக் காசு பேசப்படுகிறது. இன்றும் சில விற்பனைப் பக்கங்கள் ஒரே காசை ஒரு நாள் சேதுபதி காசு என்றும் மறுநாள் யாழ்ப்பாணக் காசு என்றும் போடுகின்றன. வாங்குகிறவர் எந்த ஊர் என்று பார்த்துத்தான் பெயர் மாறுகிறது!

"ஐந்துதான் இருக்கிறது" என்பது அப்பட்டமான பொய். செப்புச் சேதுக் காசு அரிய பொருளே அல்ல. நாணயம் சேர்க்கிறவர்களிடம் சாதாரணமாகக் கிடைக்கும், மலிவானதும்கூட. அப்படியானால் ஏன் போலி செய்கிறார்கள் என்று கேட்கலாம். காசுக்கு விலை இல்லை, கதைக்குத்தான் விலை. 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். மன்னருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்ததையும், முத்துக்களைக் காட்டியதையும், பாவா ஆதம் மலைக்குப் போக உதவியதையும் எழுதி வைத்தார். இந்தக் கதையை ஒரு காசோடு ஒட்டிவிட்டால் நம்மவர் மனம் இளகிவிடும். விற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

போலியைப் பிடிக்க, காசு செய்த முறை தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் செப்புத் துண்டை அச்சின் மேல் வைத்து மேலிருந்து அடித்தார்கள். அடி கொஞ்சம் விலகும். உருவம் ஓரத்தில் வெட்டுப்படும், விளிம்பு பிளக்கும். ஒன்றைப் போல இன்னொன்று அச்சொட்டாக இராது. போலியைப் பெரும்பாலும் வார்ப்பில் ஊற்றுகிறார்கள். வார்த்த காசின் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு தெரியலாம், அல்லது அதை அரத்தால் தேய்த்த அடையாளம் இருக்கும். மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகள், எழுத்து மழுங்கி சோப்பில் வெட்டியது போல. ஒரே பக்கத்தில் இரண்டு காசு விற்பனைக்கு இருந்து, இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே வெடிப்பு இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பச்சை நிறத்தை நம்பாதீர்கள். அதை இரசாயனத்தால் சில நாளில் வரவழைக்கலாம்.

ஒல்லாந்தர் துட்டுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. அது 1726 முதல் ஒல்லாந்தில் இயந்திரத்தில் அச்சிட்டு வந்தது, உருவம் ஒழுங்காகவே இருக்கும். ஒரு பக்கம் கம்பனியின் பின்னிய எழுத்தும் ஆண்டும், மறுபக்கம் மாகாணச் சின்னம். ("துட்டு" என்ற நம் சொல்லே அந்தக் காசின் பெயர்தான்.) 1790 என்று பொறித்த துட்டுகளில் ஒரு பகுதி ஜாவாவுக்காக 1840களில் மறுபடி அச்சிட்டவை. பழைய காசுதான், ஆனால் நமது ஒல்லாந்தர் காலத்தது அல்ல.

இனி, எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறும் பொருள்: லாரின். பாரசீகத்தின் லார் நகரத்துப் பெயர். வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து அரபு எழுத்து அச்சைக் குத்திய காசு, எடை ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடல் வணிகத்தில் இந்தப் பக்கம் வந்தது. இலங்கையில் அதைத் தூண்டில் மாதிரி வளைத்தார்கள். "கலிமா பொறித்த காசு" என்று சொல்லி விற்கும்போது நம்மவர் விலையே பேசுவதில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்து எழுத்தாகவே இல்லை, வெறும் கிறுக்கல்.

ஆனால் கிறுக்கல் என்பதால் மட்டும் அது போலி ஆகிவிடாது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார்: இந்தத் தூண்டில் காசை அரசனின் அனுமதியோடு யாரும் செய்யலாம், விரும்பிய அடையாளத்தைக் குத்தலாம், ஆனால் வெள்ளி மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்களாம். தூய வெள்ளையாக வராவிட்டால் அந்தக் காசு செல்லாது. முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய கிராமத்துச் சனம் கையில் இருக்கும் காசையே நெருப்பில் போட்டுப் பார்த்திருக்கிறது. நாமோ கையில் தொடாத காசுக்குத் தொலைபேசியில் பணம் அனுப்புகிறோம். (நீங்கள் காய்ச்ச வேண்டாம். தங்க, வெள்ளிக் கடையில் வெள்ளியின் தரத்தைச் சோதித்துத் தருவார்கள்.)

ஆகவே பணம் அனுப்பும் முன், தராசில் வைத்த படமும் விளிம்பின் படமும் கேளுங்கள். வீடியோ அழைப்பில் காசைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். போட்ட படத்தைக் கூகுளில் தேடினால் அது வேறொரு நாட்டு ஏலத்தில் எடுத்த படமாகவும் இருக்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பேன் என்று எழுத்தில் தராதவரிடம் வாங்காதீர்கள். "இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இப்பவே போடுங்கோ" என்ற வசனம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். மறுதலையான ஏமாற்றும் உண்டு: உங்கள் பழைய காசை இலட்சக் கணக்கில் வாங்குகிறோம், முதலில் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஓகஸ்ட்டில் இதைப் பற்றிப் பகிரங்கமாகவே எச்சரித்தது. வலம்புரிச் சங்கில் கைவைத்துச் சூடு கண்ட நமது ஊருக்கு இது புதிய வித்தையும் இல்லை.

அசல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி இருக்கிறது: எங்கிருந்து வந்தது? 1815 மார்ச் 2க்கு முந்திய பொருளைத் தொல்பொருள் என்கிறது நமது 1940ஆம் ஆண்டுச் சட்டம். நிலத்தில் புதிதாகக் கிடைப்பது அரசுக்குச் சொந்தம், கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. டோஹாவில் இருந்து ஓடர் பண்ணும் தம்பிமார் இதைக் கவனியுங்கள், பார்சலில் மாட்டினால் பெயர் உங்களுடையது. கந்தரோடையிலோ நல்லூரிலோ தோண்டி எடுத்த காசு, எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியோடுதான் வரலாறு ஆகும். விற்பவர் அதைத் தொலைத்துவிட்டுத்தான் காசை விற்கிறார்.

சில பக்கங்களில் "பழைய சோனகத் தெரு வீட்டுச் சாமான்" என்று போட்டு செப்புப் பானை, படிக்கம், பழைய காசு விற்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வேறொரு கேள்வி வருகிறது: யாருடைய வீடு? 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் கொடுத்த இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் சனம் வெறுங்கையோடு வெளியேறியது. திரும்பி வந்து பார்த்தபோது கதவு நிலையும் கூரை ஓடும்கூட இல்லாத வீடுகள். உம்மம்மாவின் பெட்டியில் இருந்தது எந்தக் கையில் போனது என்று எவருக்கும் தெரியாது. விற்பவர் ஒரு பெயரும் சொல்ல மாட்டாரானால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை நான் வாங்க மாட்டேன்.

இன்னும் வீட்டில் பழைய காசு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். எழுத்தும் போய்விடும், பெறுமதியும் போய்விடும். காகித உறையில் போட்டு, யார் தந்தது, எந்த ஊர் என்று வெளியே எழுதி வையுங்கள். என்ன காசு என்று அறிய வேண்டுமானால் நாவலர் வீதி நூதனசாலையிலோ பல்கலைக்கழக வரலாற்றுத்துறையிலோ காட்டிக் கேட்கலாம். எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய, பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.