பறவைகளில் இணைத்தேர்வு: பாட்டும் நிறமும்

இனப்பெருக்கப் பருவத்தில் தன்னை நாடும் ஆண்களுள் ஒன்றைப் பெண் பறவை தெரிந்தெடுப்பது இணைத்தேர்வு எனப்படும். ஆணின் பாட்டு, இறகின் நிறம், வாலின் நீளம் ஆகியவை இத்தேர்வில் பெரும் பங்கு வகிக்கின்றன. உயிர் பிழைப்பதற்கே இடைஞ்சலான நீண்ட தோகையும் பளிச்சிடும் நிறமும் தலைமுறைகளைத் தாண்டி நீடிப்பதற்குப் பெண்ணின் விருப்பமே காரணம் என்று 1871இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். ஆண்கள் தமக்குள் மோதிக்கொள்வதை அக்கால அறிஞர்கள் எளிதில் ஒப்புக்கொண்டனர். பெண் பறவை பார்த்தும் கேட்டும் தேர்கிறது என்பதை ஒப்ப மறுத்தவர்களுள் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் முக்கியமானவர்.

அந்த ஐயத்தைத் தெளிவாகத் தீர்த்தது, 1982இல் மால்ட்டே ஆண்டர்சன் வெளியிட்ட எளிய சோதனை. கென்யாவின் மேட்டுப் புல்வெளிகளில் வாழும் நெடுவால் விடோபேர்ட், தூக்கணாங்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண் கறுப்பு, அதன் வால் அரை மீட்டர் வளரும். பெண்ணோ குட்டை வாலுடன் பழுப்பு நிறத்தில் புல்லோடு புல்லாக இருக்கும். ஆண்டர்சன் சில ஆண்களின் வாலை 14 செ.மீ. அளவுக்கு வெட்டி, அந்தத் துண்டுகளை வேறு ஆண்களின் வாலில் பசையால் ஒட்டினார். வெட்டி ஒட்டுவதே பறவையைப் பாதிக்கிறதா என்று அறிய, இன்னும் சிலவற்றின் வாலை வெட்டி அதே நீளத்துக்கு மீண்டும் ஒட்டினார். இயற்கை நீளத்தையும் மிஞ்சிய வால் கொண்ட ஆண்களின் எல்லையில்தான் புதிய கூடுகள் அதிகம் கட்டப்பட்டன. வால் குட்டையான ஆண்களும் தம் எல்லையை இழக்கவில்லை. ஆகவே வால் எதிரியை விரட்டுவதற்கன்று, பெண்ணை ஈர்ப்பதற்கே என்பது உறுதியாயிற்று.

நிறம் சொல்லும் செய்தியை வட அமெரிக்காவின் வீட்டு ஃபின்ச்சில் நன்கு காணலாம். இதன் ஆண்கள் வெளிர் மஞ்சள் முதல் அடர் சிவப்பு வரை பல சாயல்களில் இருக்கும். அச்சாயலைத் தரும் கரோட்டினாய்டு நிறமிகளைப் பறவையின் உடல் தானாக உண்டாக்க முடியாது; இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்தில் இரையிலிருந்தே பெற வேண்டும். குடலில் ஒட்டுண்ணி மிகுந்தால் சிவப்பு மங்கும். ஜெஃப்ரி ஹில் ஆண்களுக்குச் சாயமேற்றிப் பார்த்தபோது, சிவப்பு கூட்டப்பட்டவை விரைவில் இணை பெற்றன. இயல்பாகவே சிவந்த ஆண்கள் கூட்டுக்கு இரையும் மிகுதியாகக் கொண்டுவந்தன. பெண் நிறத்தைப் பார்க்கிறது. அதன் வழியே ஆணின் உடல்நலத்தையும் இரைதேடும் திறனையும் அறிகிறது.

பறவையின் கண்ணில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் நான்கு வகை. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். நமக்கு ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றும் ஐரோப்பிய நீலப் பட்டாணிக்குருவியில், ஆணின் உச்சந்தலை புற ஊதாவைக் கூடுதலாகப் பிரதிபலிக்கிறது.

பாட்டைப் போலியாகப் பாடிவிட முடியாது. கனேரியின் பாட்டில் இரு சுரங்கள் சேர்ந்த அசை ஒன்று, நொடிக்கு 16 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் பகுதி உண்டு. அதைக் கேட்டதும் பெண் உடலைத் தாழ்த்தி, வாலை உயர்த்தி, இறக்கையைச் சிலிர்த்துச் சம்மதம் காட்டுகிறது. இதைப் பாட, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள ஒலியுறுப்பின் இரு பக்கங்களும் இசைந்து இயங்க வேண்டும்; அசைகளுக்கு நடுவே நொடியில் மிகச் சிறு பங்குக்குள் மூச்சும் இழுத்தாக வேண்டும். செட்ஜ் வார்ப்ளர் எனும் கதிர்க்குருவியில், பல்வகை அசைகளைப் பாடும் ஆண்கள் முந்தி இணை சேர்வதை 1980இல் கிளைவ் கேட்ச்போல் காட்டினார். இணை கிடைத்ததும் அந்த ஆண் பெரும்பாலும் பாட்டை நிறுத்திவிடுகிறது! பாட்டு குஞ்சுப்பருவத்தின் கதையையும் சொல்லும்: இரை குறைத்து வளர்க்கப்பட்ட ஸ்வாம்ப் ஸ்பேரோ குஞ்சுகள், வளர்ந்தபின் தாம் கற்ற பாட்டைத் துல்லியம் குன்றிப் பாடின.

இத்தகைய விருப்பம் எப்படித் தோன்றியது என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. விருப்பமும் அலங்காரமும் ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும் என்றார் ரொனால்ட் ஃபிஷர். சுமையைத் தாங்கும் வலிமையே தகுதிக்குச் சான்று என்றார் அமோட்ஸ் ஸகாவி (1975). நோயை எதிர்க்கும் மரபைப் பளிச்சென்ற நிறம் காட்டுகிறது என்றனர் வில்லியம் ஹாமில்டனும் மார்லின் ஸக்கும் (1982). இவை ஒன்றையொன்று விலக்குபவை அல்ல.

மயிலின் வழக்கு இன்னும் தீரவில்லை. தோகையில் கண்கள் மிகுந்த ஆண்களைப் பெண்கள் விரும்புவதாக இங்கிலாந்தில் மரியன் பெட்ரி கண்டார். ஜப்பானில் ஏழாண்டு நடந்த ஆய்வில், 2008இல், அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. கண்களின் எண்ணிக்கையை விட அவற்றின் மினுமினுப்பே முக்கியம் என்ற பிந்தைய முடிவு இம்முரணை ஓரளவு விளக்குகிறது. தமிழக வயல்வெளிகளில் காணும் தூக்கணாங்குருவியில் கதை வேறு: ஆணின் தலை மஞ்சளாக ஒளிர்ந்தாலும், பெண் நுழைந்து பார்ப்பது அது பாதி கட்டி வைத்திருக்கும் கூட்டை. கூடு அமைந்த இடம் பிடிக்கவில்லையெனில் பறந்துவிடும்.

சில இனங்களில் பங்கு தலைகீழாகும். மயில் உள்ளானில் பெண்ணே நிறம் மிகுந்தது. கூவி அழைப்பதும் அதுவே. ஆண் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது.