பத்ரின் கைதிகளும் குளச்சலின் கைதியும்

குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் செல்லும்போதெல்லாம் நாம் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைக் கடக்கிறோம். 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற மன்னர் மார்த்தாண்ட வர்மர், சிறைப்பட்ட டிலனாயைத் தம் படைக்கே பயிற்சியாளராக்கினார். அவர் ஐரோப்பிய முறையில் வீரர்களைப் பழக்கினார், கோட்டைகளை வலுப்படுத்தினார், 1777-இல் இறந்து உதயகிரியிலேயே அடக்கமானார். அப்படையின் பலத்தால் திருவிதாங்கூர் வடக்கே வெகுதூரம் விரிந்தது.

அதற்கு 1,100 ஆண்டுகளுக்கும் முன்னர், ஹிஜ்ரி 2-இல், பத்ருப் போரில் சுமார் 70 பேர் சிறைப்பட்டனர். மீட்புத்தொகை செலுத்த இயலாத, எழுத்தறிந்த கைதிகள் மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவ்வாறு கற்றவர்களுள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் ஒருவர் என வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பின்னாளில் அபூபக்கர் (ரலி) அவர்கள் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தார்கள்.

இரு தலைவர்களும் எதிரியின் அறிவை வீணாக்கவில்லை. குளச்சலில் அது படைக்குப் பயன்பட்டது. மதீனாவில் பிள்ளைகளின் கல்விக்குப் பயன்பட்டது. போர் முடிந்த மறுநாள் தலைவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதுவே சமுதாயத்தின் பண்பாடாகிறது. பகைவரிடமும் கல்வியைக் கேட்டுப் பெற்ற நபியின் உம்மத் நாம். நம் பிள்ளைகளின் படிப்பில் அந்த அக்கறை தெரிய வேண்டும்.