பிங்க் ஃப்ளாய்ட்: வராதவருக்காக ஒரு பாட்டு

'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டு ஏறக்குறைய 26 நிமிடம். பாடும் குரல் வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும்! 1975-ல் வந்த இந்தப் பாட்டை ரசிகர்கள் இன்றும் ஏன் விடாமல் கேட்கிறார்கள்? காரணம் அதன் பின்னால் உள்ள கதை.

பிங்க் ஃப்ளாய்ட் குழுவுக்குப் பெயர் வைத்தவர் சிட் பாரெட். ஆரம்பகாலப் பாடல்களில் பெரும்பாலானவை அவருடையவை. ஆனால் எல்.எஸ்.டி.யும் மனநலச் சிக்கலும் சேர்ந்து அவரை முடக்கின. 1968 ஜனவரியில் ஒருநாள், கச்சேரிக்குக் கிளம்பிய நண்பர்கள் அவரை அழைத்துப் போகவில்லை. அவ்வளவுதான், பிரிவு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 22.

ஆறு வருடம் கழித்து டேவிட் கில்மர் கிடாரில் வாசித்த நான்கு ஸ்வரங்களைக் கேட்டதும் ரோஜர் வாட்டர்ஸுக்கு சிட்டின் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றியே பாட்டு எழுதினார்.

இனிதான் நம்பமுடியாத விஷயம். 1975 ஜூனில், லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் அந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த ஒரு குண்டான மனிதர் உள்ளே வந்து நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் சிட்! தெரிந்ததும் வாட்டர்ஸ் அழுதுவிட்டார்.

சிட் 2006-ல் கேம்பிரிட்ஜில் இறந்தார். அவர் விலகியபோது பிறந்திராதவர்களும் இன்று இந்தப் பாட்டின் ரசிகர்கள். உயிரோடு இருக்கும்போதே தொலைந்துபோன நண்பன் ஒருவனாவது நம் எல்லோருக்கும் இருக்கிறான் அல்லவா?